கல்வாசம்

ஜூன் 11

ஃபோஷானில் மழை. கண்டெய்னர் வந்து சேர்ந்தது. கோயமுத்தூரிலிருந்து டில்டிங் கிரைண்டர்கள். ஒவ்வொரு பெட்டி மேலும் "பொன்னூத்து" என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. கிடங்கில் இருந்த யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஓர் அற்ப சந்தோஷம்.

தில்லியில் ஐந்து வருடம் சீனம் படித்தேன். பழைய சீனக் கவிதைகளில் சொல்லாமல் விடப்படுவது பற்றி ஆய்வேடு எழுதினேன். இப்போது மாவரைக்கும் இயந்திரம் விற்கும் கம்பெனிக்கு வாயாக இருக்கிறேன். நியமனக் கடிதத்தில் "சீனப் பிரதிநிதி" என்று இருக்கிறது.

துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை.

ஜூன் 13

இந்த ஊரில் காலை உணவு சாங்ஃபென். அரிசியை ஊற வைத்து அரைத்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி ஆவியில் வேகவைத்துச் சுருட்டித் தருவார்கள். கல்லில் அரைத்த மாவென்றால் கடை வாசலில் எழுதிப் போடுகிறார்கள். மிக்ஸியில் அரைத்தால் வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். எங்கள் முதலாளி நாச்சிமுத்து ஐயா ஒரு பொருட்காட்சிக்கு வந்தபோது இதைச் சாப்பிட்டுவிட்டு, "இது நம்மூரு ஆப்பத்துக்கு அக்கா தங்கச்சி" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இந்த அலுவலகம் நிற்கிறது.

அலுவலகம் என்றால் நானும் லியாங் யூஃபென்னும். அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணக்கு, கிடங்கு, அரசாங்க அலுவலகம், திட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், சீனத்தில். அவள் என்னைத் தங்கச்சி என்கிறாள். அவள் பேச்சை இங்கே எழுதும்போது ஏனோ அது கோயமுத்தூர்த் தமிழாகிவிடுகிறது. திருத்தப் பார்த்தேன். முடியவில்லை.

"ஏந்தங்கச்சி, உங்கூர்ல எல்லாரும் இப்படித்தான் ஈரத்துணிய நாற்காலி மேல காயப்போடுவாங்களா? வாடிக்கையாளரு வந்தா உன் உள்பாவாடை மேலயா உக்காருவாரு?"

ஜூன் 20

தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்ட வேண்டும். அதுதான் நன்றி. பேச்சை நிறுத்த வேண்டியதில்லை, வாய் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். லியாங் அக்கா சொல்லிக் கொடுத்தாள். நான் முதல் தடவை தட்டியபோது, "கதவா தட்டற? மெதுவா" என்று சிரித்தாள்.

மாலையில் பெயர் வைத்தோம். "பொன்னூத்து" சீன வாயில் நுழையவில்லை. நான் என் படிப்பையெல்லாம் கொட்டி ஒரு பட்டியல் எழுதினேன். அவள் சிகரெட் பிடித்தபடி ஒவ்வொன்றாக அடித்தாள். "இது சாவு வீட்டு ஊதுபத்தி பேரு. இது கழிவறை சாமான். இத என்ற மாமியா வாயில சொல்லவே முடியாது." கடைசியில் அவளே சொன்னாள்: ஷி ஷியாங். கல்லின் வாசம்.

கல்வாசம். நான் ஐந்து வருடம் படித்தது இதற்குத்தான், இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 28

ஹுவாங் வெய்மின் எங்கள் விநியோகஸ்தர். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஆனால் வேலையைத் தொடங்கிவிட்டார். உருண்டையான, சிரித்த மனிதர். எல்லோருக்கும் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருப்பார். பழம், சிகரெட், மழைக்குடை. "கல்வாசம்" என்ற பெயர்ப்பட்டையுடன் கிரைண்டர்களைக் கடைகளுக்குக் கொண்டுபோய் வைத்து, ஒரு வாரம் சும்மா அரைத்துப் பாருங்கள் என்கிறார். ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் திருப்பித் தருவதில்லை.

லியாங் அக்கா இன்று சொன்னாள்: "பேர உடனே பதிவு பண்ணோணும். இங்க யாரு மொதல்ல எழுதிக் குடுக்கறாங்களோ அவுங்களுக்குத்தான் பேரு. யாரு வெச்சாங்க, யாரு வளத்தாங்கன்னு கேக்கறதில்ல."

ஐயாவுக்குப் போன் செய்தேன்.

"பொன்னூத்துன்னு ஊர்ல இருபது வருசமாப் பதிஞ்சிருக்குதே அம்மிணி."

"அது இந்தியாவுலங்க ஐயா. இங்க செல்லாது. அதும் இது புதுப் பேரு."

"சரி, பண்ணிப்போடலாம். பேரச் சீனத்துல எழுதி அனுப்பு. ஜோசியருகிட்டக் காட்டோணும்."

"சீன எழுத்த அவரு எப்பிடிங்க ஐயா பாப்பாரு?"

"எத்தன கோடுன்னு எண்ணுவாரு."

ஜூலை 9

ஜோசியர் திருச்செந்தூர் போயிருக்கிறார். விண்ணப்பத் தாள்கள் ஐயா மேசையில் இருக்கின்றன. ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை.

இன்று ஒரு கடையில் மாவைத் தொட்டுப் பார்த்தேன். அம்மாவின் விரல்கள் மாவில் எப்படி இறங்கும் என்று நினைவு வந்தது. உடனே கையைக் கழுவிவிட்டேன்.

ஜூலை 15

"பேரு அமோகமா இருக்குதாம் அம்மிணி. ஆனா நாள்தான் இல்ல. நாளைக்கும் ஆகாது. நாளான்னிக்கு ஆடி பொறக்குது. ஆடில போயி எவனாச்சும் புதுசா ஆரம்பிப்பானா? ஆவணி ஒண்ணாந்தேதி காத்தால கையெழுத்துப் போட்டர்றேன். அந்த ஹுவாங் ஒப்பந்தமும் அன்னிக்கே வெச்சுக்கலாம்."

"ஐயா, இது வெறும் விண்ணப்பந்தானுங்க. ஆரம்பிக்கறது இல்லீங்க."

"கையெழுத்துன்னா ஆரம்பந்தான். நீ படிச்ச புள்ள. ஆனா என்ற அப்பன் ஆடில லேத்து பட்டறை ஆரம்பிச்சு ஆறே மாசத்துல கைய வெட்டிக்கிட்டான். உனக்குத் தெரியாது."

ஒரு வெட்டுப்பட்ட கைக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை.

ஜூலை 16

ஆடி என்றால் என்ன என்று லியாங் அக்காவுக்கு விளக்கினேன். காற்று மாதம். அம்மன் மாதம். விதைப்பார்கள், கல்யாணம் செய்ய மாட்டார்கள். கடை திறக்க மாட்டார்கள், வீடு குடிபோக மாட்டார்கள்.

"காத்தடிக்கற மாசம்னா சன்னலச் சாத்திட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இத வெளிய யாருகிட்டயும் சொல்லாத. ஆவணி வரைக்கும் நம்ம வீட்டுக் கதவு தொறந்து கெடக்குதுன்னு அர்த்தம்."

ஜூலை 22

ஹுவாங் விருந்து. தனியறை, சுழலும் மேசை. அவருடைய மச்சானும் வந்திருந்தான். பேசாத ஆள். மீனின் கன்னப் பகுதியை எடுத்து என் தட்டில் வைத்தான். அது மரியாதையாம்.

நல்ல மாலை. இந்த ஊருக்கு வந்தபின் முதல்முறையாக யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், என் வார்த்தைகளில் பேசினேன். ஒப்பந்தம் ஏன் தாமதம் என்று ஹுவாங் கேட்டார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" உண்மையாகவே வருத்தப்பட்டது போல இருந்தது. அப்படியில்லை என்று ஆடியைப் பற்றிச் சொன்னேன். காற்று, விதை, புதுமணத் தம்பதியைப் பிரித்து வைப்பது. அந்த இடத்தில் எல்லோரும் ரசித்தார்கள். சீனத்தில் அவ்வளவு சரளமாக நான் பேசியதேயில்லை. ஆகஸ்ட் பதினேழு வரைக்கும் எங்கள் ஐயா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டார், ஒப்பந்தமானாலும் சரி பெயர்ப் பதிவானாலும் சரி என்று முடித்தேன்.

நடுவில் லியாங் அக்கா என் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். ஏற்கனவே நிறைந்திருந்தது. மேசைத் துணியில் வழிந்தது. நாளெல்லாம் கிடங்கில் நின்ற களைப்பு அவளுக்கு. நான் பேச்சை நிறுத்தாமல் இரண்டு விரலால் தட்டினேன். இப்போது நன்றாக வருகிறது.

ஹுவாங் சொன்னார்: "எங்களுக்கும் ஒரு மாசம் இருக்குதும்மா. ஏழாம் மாசம். பேய்க வெளிய வர்ற மாசம். கார்கூட வாங்கக் கூடாதும்பாங்க எங்கம்மா. அதனால முக்கியமானத எல்லாம் நான் ஆறாம் மாசத்துலயே முடிச்சுருவேன்."

எவ்வளவு ஒற்றுமை என்று வியந்தேன். இரண்டு பழைய நாடுகள். இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம்.

ஜூலை 23

காலையில் லியாங் அக்கா: "நேத்து உனக்குத் தாகமே இல்ல போல."

"ஏன்?"

"ஒண்ணுமில்ல."

நாள் முழுக்க அவ்வளவுதான் பேசினாள். பிறகு தன் செல்போனில் சீட்டாடிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 5

நேற்று அவர்களுடைய ஏழாம் மாதம் பிறந்தது. நடைபாதையில் காகிதம் எரிக்கிறார்கள். சாம்பல் அலுவலகப் படி வரைக்கும் பறந்து வருகிறது. ஹுவாங் ஒரு பெட்டி லோங்கான் பழம் அனுப்பியிருந்தார். லியாங் அக்கா ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சாப்பிட்டேன். இனிப்பு.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. ஐயா காணொளி அனுப்பினார். பட்டறையில் பூசை, தேங்காய், மஞ்சள் தடவிய தாள்கள், மகன் கார்வேந்தன் சட்டையில்லாமல் மணி அடிக்கிறார். கையெழுத்து. எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

திங்கட்கிழமை பெயர்ப் பதிவு ஏஜென்ட் விண்ணப்பம் போட்டுவிடுவார். லியாங் அக்காவிடம் காட்டினேன். "அழகா இருக்குது" என்றாள். காணொளியையா, கையெழுத்தையா தெரியவில்லை.

செப்டம்பர் 12

ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு இரண்டு முறை ஹுவாங்கிடம் போனேன். முதல் முறை அவர் ஊரில் இல்லை. இரண்டாம் முறை ஊரில் இருந்தார், பேனா இல்லை. சிரித்தார். நானும் சிரித்தேன். பழம் கொடுத்தார்.

அக்டோபர் 21

இந்த மாதம் ஹுவாங் ஒரு கிரைண்டர் கூட எடுக்கவில்லை.

டிசம்பர் 17

ஐயா வந்துவிட்டார். நாளை குவாங்சோவில் ஓட்டல் சாமான் கண்காட்சி. விமான நிலையத்தில் இறங்கியதும், "மார்கழி பொறந்து வந்துருக்கறேன். என்ன பண்றது, கண்காட்சி அவன் வெச்ச தேதி" என்றார். ஸ்வெட்டருக்கு மேல் துண்டு. லியாங் அக்காவைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினார். பேரு வெச்ச மகராசி என்றார். மொழிபெயர்த்தேன். அவள் முகம் சிவந்தது. அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 18

எங்கள் ஸ்டாலுக்கு எதிர் வரிசையில் ஹுவாங்கின் ஸ்டால். எங்களுடையதைவிடப் பெரியது. வரிசையாகக் கிரைண்டர்கள். எங்கள் கிரைண்டர் மாதிரியே, ஆனால் எங்களுடையது அல்ல. உள்ளூரில் செய்தவை. எல்லாவற்றின் மேலும் சிவப்பில் இரண்டு எழுத்து. கல்வாசம்.

ஐயாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜோசியருக்காகக் கோடுகளை அவரே எண்ணிப் பார்த்தவர். நின்று எண்ணினார். விரல் அசைவது தெரிந்தது.

"இது நம்ம பேராட்டம் இருக்குதே அம்மிணி."

"ஆமாங்க ஐயா."

ஹுவாங் ஓடி வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தார். தேநீர் போட்டார். பெயர் சட்டப்படி தன் மச்சானுக்குச் சொந்தம் என்றும், ஐயா வருத்தப்பட வேண்டாம், வேண்டுமானால் ஐயாவின் கிரைண்டருக்கும் அந்தப் பெயரைப் பயன்படுத்த அனுமதி தருவார்கள் என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை விடாமல். என் வேலை அது.

ஏஜென்டைப் போனில் பிடித்தேன். எங்கள் விண்ணப்பத்துக்கு முன்பே ஒன்று வரிசையில் இருக்கிறது. ஜூலை 24. எதிர்க்கலாம். விநியோக ஒப்பந்தம் கையெழுத்தாகி இருந்தால் நம் பக்கம் பலமாக இருக்கும். இருக்கிறதா?

இல்லை.

ஐயா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆடி எட்டு என்று முணுமுணுத்தார். பிறகு, ஏதோ ஆறுதல் கிடைத்தது போல நிமிர்ந்தார்.

"ஆடில ஆரம்பிச்சிருக்கறான். வெளங்க மாட்டான் பாரு."

அந்தச் சமயத்தில் ஹுவாங்கின் ஸ்டாலில் மூன்று பேர் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 19

ஃபோஷான் அலுவலகம். ஐயா, நான், லியாங் அக்கா. ஜன்னல் சாத்தியிருந்தது. குளிர்.

"நம்ம ஆவணி வரைக்கும் கையெழுத்துப் போடமாட்டோம்ன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்? சரியாப் பாத்து ஆடில போட்டிருக்கறான். இந்த ரூமுக்குள்ள இருந்துதான் போயிருக்குது." என்னைப் பார்க்கவில்லை. "இந்தம்மா என்ன இருந்தாலும் இந்தூர்க்காரி. அவசரம் அவசரம்ன்னு குதிச்சதும் இவதான். பேரு வெச்சதும் இவதான். கேளு."

"என்ன கேக்கறதுங்க ஐயா?"

"ஹுவாங்கிட்ட நீ சொன்னியான்னு கேளு."

கேட்டேன். சீனத்தில் அது மிகச் சிறிய வாக்கியம்.

லியாங் அக்கா சிகரெட்டை அணைத்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது.

"அன்னிக்கு நான் தேத்தண்ணி ஊத்திட்டிருந்தேன். உங்க முதலாளிகிட்ட அப்பிடியே சொல்லு. உனக்கு ஞாபகம் இருக்குதில்ல?"

ஐயா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மிணி சொல்றா?"

"தெரியாதுங்கறாங்க ஐயா."

"அவ்ளோ நீட்டமா பேசுனா?"

"அவுங்க பாசைல அப்பிடித்தானுங்க ஐயா."

லியாங் அக்கா நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் வாக்கியம் எவ்வளவு சின்னது என்று மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

டிசம்பர் 20

துணி துவைத்தேன். வெயில் அடித்தது. எல்லாம் காய்ந்துவிட்டது.

டிசம்பர் 23

இதை ஒழுங்காக யோசித்துப் பார்க்க வேண்டும். ஹுவாங் பலருடன் பழகுகிறவர். ஏஜென்ட் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருக்கிறான். கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு செய்தி ஒரே வழியாகத்தான் போகும் என்பதில்லை. யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தவிர, கையெழுத்தைத் தள்ளிப்போட்டது நான் இல்லை. அதை யாரும் பேசுவதில்லை.

ஜூலை மாதப் பக்கங்களைத் திருப்பிப் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை.

டிசம்பர் 27

லியாங் அக்காவுக்கு இன்று கடைசி நாள். கணக்கை என்னிடம் ஒப்படைத்தாள். கிடங்கின் பூட்டு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், எண்ணெய் விட வேண்டும். இரண்டாம் மாடி ஆள் மின்கட்டணத்தை நம் மேல் ஏற்றப் பார்ப்பான், விடாதே. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

வாசலில் நின்று, "அந்த நாற்காலில துணி போடாத" என்றாள்.

அக்கா என்று கூப்பிட்டேன். லிஃப்ட் வந்துவிட்டது.

ஜனவரி 3

ஐயாவுக்குப் புதுப் பெயர் பிடித்திருக்கிறது. இந்த முறை என் பட்டியலிலிருந்து. சாவு வீட்டு ஊதுபத்தி என்று லியாங் அக்கா அடித்த பெயர்.

"இன்னிக்கே விண்ணப்பம் போட்டர்லாமுங்க ஐயா."

"மார்கழி நடக்குதே அம்மிணி. தை பொறக்கட்டும். இந்தத் தடவ நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். இனி எப்பிடி வெளிய போகும்?"

"போகாதுங்க ஐயா."

ஜனவரி 10

லியாங் அக்கா ஹுவாங்கிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். கிடங்குக்காரன் சொன்னான். எங்களிடமிருந்து திருட்டுப் பட்டத்துடன் போனவளை இந்தச் சந்தையில் வேறு யாரும் எடுக்கவில்லையாம். ஐயாவுக்குத் தெரிந்ததும் போன் செய்தார். குரலில் உற்சாகம்.

"பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னனல்ல?"

"சொன்னீங்க ஐயா."

ஜனவரி 14

தை ஒன்று. விண்ணப்பம் போட்டாயிற்று. பெயர் சிக்கலில்லாமல் கிடைத்துவிடும் என்கிறார் ஏஜென்ட். அந்தப் பெயரை வேறு யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். ஐயா பொங்கல் பானைப் படம் அனுப்பினார். நல்ல நாளில் செய்தது, இனி எல்லாம் நல்லதே என்று கீழே.

கடைகளுக்குப் போனேன். புதுப் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு, "எங்களுக்குக் கல்வாசந்தான் வேணும். இது என்ன, போலியா?" என்கிறார்கள்.

ஜனவரி 22

சீனப் புத்தாண்டு நெருங்குகிறது. கிடங்கில் தேங்கிய கிரைண்டர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐயா இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: "பேரக் கழட்டிப்போட்டு அவனுக்கே குடுத்துரு. மொட்டையாக் குடுத்துரு. அவன் என்ன பேரு ஒட்டறானோ ஒட்டிக்கட்டும்."

இன்று ஹுவாங்கின் கடைக்குப் போனேன். மச்சானும் இருந்தான். லியாங் அக்கா மேசைக்கு அந்தப் பக்கம். என்னைப் பிரதிநிதி என்று கூப்பிட்டாள். சீனத்தில் "நீ" போய் "நீங்கள்" வந்திருந்தது. தேநீர் ஊற்றினாள். எல்லோருக்கும், வரிசையாக, எனக்கும்.

கல் நன்றாக இருக்கிறது, கோயமுத்தூர்க் கல்லை இங்கே யாராலும் செய்ய முடியாது, அதனால்தான் மொட்டையாகக் கொடுத்தாலும் வாங்குகிறேன் என்று ஹுவாங் பாராட்டினார். பிறகு உருண்டை முகத்தை என் பக்கம் சாய்த்துச் சிரித்தார்.

"உங்க முதலாளிக்கு அடுத்த கெட்ட மாசம் எப்பம்மா வருது?"

மச்சான் சிரித்தான். பழைய நகைச்சுவை, அந்த மேசையில் எல்லோருக்கும் தெரிந்தது.

நான் பதில் சொல்வதற்குள் லியாங் அக்கா தேநீர்க் குடுவையை எடுத்தாள். என் கோப்பை நிறைந்துதான் இருந்தது, நான் வாயே வைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தபடியே ஊற்றினாள். வழிந்து, மேசையில் ஓடி, என் மடியில் சொட்டியது. சூடாக இருந்தது. நான் நகரவில்லை.

என் இரண்டு விரல்கள் தாமாகவே மேசையைத் தட்டின.